மாடி அறைக்கு ஆள் வந்த கதை

2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.13. சிகாமட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள். பெரிய லாரி ஒன்று வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போவது போல ஒரு சத்தம். சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதின. "யாருடி மேல ஓடுறது?" என்று அம்மா சாமி அறையிலிருந்து குரல் கொடுத்தார். அதற்குள் மாடியில் வாடகைக்கு இருந்த தாதிப் பெண் இரண்டு இரண்டு படிகளாகத் தாண்டி இறங்கி வந்துவிட்டாள். "காக், கெம்பா! கெம்பா!"

அவள் சபாவில் ரானாவ் பக்கத்துப் பெண். 2015 ஜூனில் கினபாலு மலையை உலுக்கிய 6.0 நிலநடுக்கத்தைப் பள்ளிக்கூட வயதில் பார்த்தவள். எங்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அவள் அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வரிசையில் எல்லாரும் நைட்டியும் கைலியுமாக ரோட்டில் நின்றார்கள். 4.1 அளவு நிலநடுக்கம் என்று பிறகு செய்தி வந்தது. அடுத்த சில நாட்களிலும் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடர்ந்தன.

மறுநாள் மாலை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவள் அறையில், ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் இருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகை மாட்டுவதற்காக அவள் என்னிடம் கேட்காமலேயே அடித்த இரண்டு ஆணிகள். அந்த மாதக் கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சபாவுக்கே மாற்றல் கிடைத்திருந்தது. அவள் கொடுத்த வைப்புத் தொகை 350 வெள்ளியும் தண்ணீர், மின்சாரத்துக்கான 100 வெள்ளியும் என் கையில் இருந்தன.

"ஆணி அடிச்சாளே, அதான் சுவரு பொளந்துக்கிச்சு. 300 வெள்ளியாவது பிடிச்சுக்க" என்றார் அம்மா. நிலநடுக்கத்தில் தன்னை வாசலுக்கு இழுத்துப் போனவள் என்பது ஒரு பக்கம். வீடு அப்பா சம்பாதித்தது என்பது மறுபக்கம்.

சுவர் முன்பு எப்படி இருந்தது? எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அறையை வாடகைக்கு விடுகிற புது வீட்டுக்காரி நான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதால்தான் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்தது.

காலியாகக் கிடந்த இரண்டு அறைகள்

எங்களுடையது இரட்டை மாடி வரிசை வீடு. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மட்டும்தான். தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான், மாதம் ஒரு முறை வருவான். மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. சிகாமட்டில் அறை தேடி வருபவர்களுக்குக் குறைவில்லை. லாபிஸ் சாலையில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகக் கிளை இருக்கிறது, மூவார் சாலையில் யு.ஐ.டி.எம். வளாகம் இருக்கிறது, சமூகக் கல்லூரி, மருத்துவமனை, அரசாங்க அலுவலகங்கள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் இ.டி.எஸ். மின்ரயிலும் இங்கே வந்து சேர்ந்தது. வீட்டு வரி, கூரை ரிப்பேர் என்று வருகிற செலவுக்கு அறை வாடகை உதவும் என்பதுதான் எங்கள் கணக்கு.

வீடு முழுவதையும் வாடகைக்கு விடுவது வேறு, உள்ளேயே இருந்துகொண்டு அறையை விடுவது வேறு. முழு வீட்டை விட்டவர் மாதம் ஒரு தடவை வாடகைக்காரரை நினைப்பார். நாங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைப்போம். அங்கே தவறான ஆள் வந்தால் பணம் போகும். இங்கே தூக்கமும் சேர்ந்து போகும்.

எங்களுக்கு இரண்டுமே போயின.

"நம்ம பொண்ணும்மா, தங்கமான பொண்ணு"

முதலில் வந்தவளைத் தூரத்துச் சித்தப்பா ஒருவர் அனுப்பி வைத்தார். பேரங்காடியில் வேலை, நல்ல குடும்பம், தங்கமான பொண்ணு என்றார். அவளும் வந்த அன்றைக்கே அம்மா காலில் விழுந்தாள். அதற்குப் பிறகு அடையாள அட்டையைக் கேட்க யாருக்கு மனசு வரும்? "சொந்தக்காரங்க சொல்லி வந்தவகிட்ட டெப்பாசிட் கேட்டா நல்லாவா இருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டார். எழுத்தில் ஒன்றுமில்லை. மாதம் 300 வெள்ளி, வாய்ப்பேச்சோடு சரி.

இரண்டு மாதம் முதல் தேதியிலேயே வாடகை வந்தது. மூன்றாவது மாதம் 12ஆம் தேதி வந்தது. நான்காவது மாதம் வரவே இல்லை. இடையில் தோழி ஒருத்தி "ரெண்டு நாளைக்கு" என்று வந்து மூன்று வாரம் தங்கினாள். ஏர்கோன் பகலிலும் ஓடியது. 110 வெள்ளி வருகிற மின்கட்டணம் 290 ஆனது. மாடிப்படியில் வைத்து ஒரு நாள் கொஞ்சம் கடுமையாகக் கேட்டேன். மறுநாளிலிருந்து அவள் அம்மாவிடமும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஐந்தாவது மாதம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சாவி மேசைமேல் கிடக்கிறது. அறையில் மெத்தைமேல் இஸ்திரிப் பெட்டி அச்சாகப் பதிந்த கருகல், கீல் பிய்ந்து தொங்கும் அலமாரிக் கதவு.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "எனக்கே அவளைச் சரியாத் தெரியாதும்மா" என்றார்.

வாடகை பாக்கி 600 வெள்ளி, கூடுதல் மின்கட்டணம் ஏறக்குறைய 500. மெத்தையும் அலமாரியும் தனி. கோபம் ஆறப் பல மாதம் ஆனது. ஆறிய பிறகு ஒன்று புரிந்தது. தோழியைத் தங்க வைக்கக் கூடாது என்று நான் அவளிடம் எப்போது சொன்னேன்? ஏர்கோனுக்கு அளவு வைத்தேனா? ஒன்றையும் சொல்லாமல், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

யாரைச் சேர்ப்பது, எதைக் கேட்பது

இரண்டாவது முறை முகநூலில் விளம்பரம் போடத் தயாரானபோது அக்கம்பக்கத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. வலது பக்கத்து வீட்டு அக்கா, "நம்ம ஆளுக்கு மட்டும் குடு" என்றார். எதிர்வீட்டு அங்கிள், அவரும் தமிழர்தான், "நம்ம ஆளுக்கு மட்டும் குடுத்துடாதே" என்றார். முதல் பெண்ணிடம் பட்ட அடியில் நானும் எதிர்வீட்டு அங்கிள் பக்கம் சாய்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு பழைய நினைவு ஒன்று வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் படித்த காலத்தில் அறை தேடி நாலைந்து எண்களுக்குப் போன் செய்வேன். பெயரைச் சொன்னதும் மறுமுனையில், "இந்தியரா?" பிறகு சின்ன மௌனம். பிறகு, "அறை போயிடுச்சு." மறுநாள் அதே விளம்பரம் அதே இடத்தில் இருக்கும். இதைப் படிக்கிற இளைஞர்களில் பலருக்கு இந்த மௌனம் பழக்கமானதுதான். "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே வெளிப்படையாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தனியார் வீட்டுக்காரர் இனம் பார்த்து மறுப்பதைத் தடுக்க இங்கே தனிச் சட்டம் இல்லை. குடியிருப்பு வாடகைக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக நடக்கிறது. சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், அந்த மௌனத்தை இன்னொரு பெண்ணுக்கு நான் கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். இன்னொன்றும் இருக்கிறது: எனக்கு நட்டம் வைத்தவள் "நம்ம ஆளு" என்று வந்தவள்தான். அந்தச் சல்லடை வேலை செய்யாது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியென்றால் எதைக் கேட்பது? வீட்டைப் பற்றி முதலில் நானே சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன், அதுவும் குறைகளிலிருந்து. சுடுதண்ணீர் ஒரு குளியலறையில் மட்டும்தான் வரும். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போடுவார், புகை மாடிக்கும் ஏறும். சமையலறையில் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது. வெளியில் என்ன சாப்பிட்டாலும் அது அவர்கள் விஷயம். இரவு 12 மணிக்குமேல் கேட்டைப் பூட்டுவோம், இரவு வேலை என்றால் தனிச் சாவி தருவோம். ஆண் விருந்தினர் கீழ்ஹாலோடு சரி. யாராக இருந்தாலும் இரவு தங்குவதென்றால் மாதத்துக்கு இரண்டு நாள், அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. விசாரித்த பதினொரு பேரில் ஆறு பேர் இதைக் கேட்டதும் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். யாரையும் நான் மறுக்க வேண்டியிருக்கவில்லை, யாருக்கும் மனவருத்தமும் இல்லை.

மீதிப் பேரை மாலை நேரத்தில், அம்மாவும் வீட்டில் இருக்கும்போது வந்து பார்க்கச் சொன்னேன். வேலைக் கடிதம் அல்லது கடைசி சம்பளச் சீட்டு, மாணவியாக இருந்தால் மாணவர் அட்டையோடு பெற்றோரின் தொலைபேசி எண். அடையாள அட்டையின் அசலை நேரில் பார்க்க வேண்டும். நகல் வாங்கினால் அதன் குறுக்கே "வீட்டு வாடகைக்கு மட்டும்" என்று எழுதி, தேதியும் போட்டு வைப்பது இரு தரப்புக்கும் நல்லது. கடன் அறிக்கை பார்க்கிற வசதியும் இப்போது உண்டு; ஆனால் அதற்குச் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வேண்டும். முழு வீட்டை விடுகிறவருக்கு அது பயன்படலாம். 350 வெள்ளி அறைக்கு அது அதிகம் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழும் செல்லுபடியாகும் அனுமதியும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை. அனுமதி இல்லாதவரைத் தன் வீட்டில் தங்க விடுகிறவருக்கு 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவில் ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் கேட்பது மிக முக்கியம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்போதைய வீட்டுக்காரர் அந்த ஆளை எப்படியாவது அனுப்பிவிட நினைத்தால் புகழ்ந்துதான் பேசுவார். அதற்கு முந்திய வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லக் காரணமில்லை. அவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: "திரும்பவும் இவருக்கே வாடகைக்கு விடுவீங்களா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். சபா பெண்ணைப் பற்றி மலாக்காவில் ஒரு சீன அம்மையாரிடம் இப்படிக் கேட்டேன். "நாளைக்கே அனுப்பி வை" என்றார்.

வாடகைக்கு வருகிறவரும் நம்மைச் சோதிக்கிறார், அதையும் மறக்கக் கூடாது. அவள் முதலில் பார்த்தது அறைக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்பதை. அடுத்துக் கேட்டது, "மாக்சீக் என் அறைக்குள் வருவாரா?" அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறேன் என்று எந்த அறைக்குள்ளும் நுழைவது அவர் வழக்கம். அது நம் வீட்டின் அறைதான் என்றாலும், வாடகை வாங்கிய மாதத்தில் அது அவளுடைய அறை. அவசரம் தவிர, 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று எழுதிக்கொண்டோம். அம்மாவுக்கு இந்த விதி பழகத்தான் நாள் பிடித்தது. அவள் ஹினாவா செய்து கொடுத்தபோது அம்மா முகர்ந்து பார்த்து, "எலுமிச்சம்பழ வாசனை நல்லாத்தான் இருக்கு, பச்சை மீனுங்கிறதை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

பதினேழு வெள்ளிக் காகிதம்

ஒப்பந்தம் எழுதுவதை அவநம்பிக்கையின் அடையாளமாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. எங்கள் ஒப்பந்தம் இரண்டே பக்கம். யார், எந்த அறை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எத்தனை மாத அறிவிப்பு, என்னென்ன பொருட்கள், வீட்டு விதிகள். சிங்கப்பூரில் எச்.டி.பி. வீட்டில் அறையை வாடகைக்கு விட்டால் குறைந்தது ஆறு மாதத்துக்கு விட வேண்டும் என்று தம்பி சொன்னான். அந்த ஆறு மாதம் எனக்கும் பிடித்துப்போனது. குறைந்தபட்சம் ஆறு மாதம், அதற்குப் பிறகு ஒரு மாத அறிவிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

முழு வீடு என்றால் இரண்டு மாத வாடகை வைப்புத் தொகை, அரை மாதம் தண்ணீர், மின்சாரத்துக்கு, ஒரு மாதம் முன்வாடகை என்பது இங்கே பரவலான வழக்கம். அது வழக்கம்தான், சட்டம் விதித்த அளவு அல்ல. அறைக்கு ஒரு மாதம் போதும் என்று நினைத்தேன். மின்சாரத்தில் ஏர்கோனுக்குத் தனி மீட்டர் பொருத்தினேன். அதற்கு ஆன செலவு, முதல் பெண்ணின் ஒரு மாத மின்கட்டணத்தைவிடக் குறைவு.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் இணையவழி முறையிலேயே கட்டிவிடலாம். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஓராண்டுக்குள் அடங்கும் ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், அதன் பகுதிக்கும், ஒரு வெள்ளி. மாதம் 350 என்றால் ஆண்டுக்கு 4,200. தீர்வை 17 வெள்ளி. பழைய கணக்கில் இதற்கு 8 வெள்ளிதான். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. அந்த 17 வெள்ளியை மிச்சம் பிடித்துவிட்டுப் பிறகு ஆயிரக்கணக்கில் வழக்காடப் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

வாடகை வருமானத்தை வருமான வரிப் படிவத்திலும் காட்ட வேண்டும். அந்த அறைகளுக்கான ரிப்பேர், வீட்டு வரி, காப்புறுதிச் செலவின் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன்.

உடைந்ததும் தேய்ந்ததும்

சேதம் என்றதும் நமக்கு வைப்புத் தொகை நினைவுக்கு வருகிறது. ஆனால் எல்லாச் சேதமும் ஒன்றல்ல. இரண்டு வருடம் ஒருவர் இருந்த அறையில் சாயம் மங்கும், மெத்தை அமுங்கும், கதவுக் கைப்பிடி தளரும். அது குடியிருந்ததன் தேய்மானம், வாடகையிலேயே அதற்கு விலை இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை மெத்தைமேல் வைத்தது கவனக்குறைவு. கைதவறி விழுந்து உடைந்தது விபத்து, ஆனாலும் பொறுப்பு அவருடையது. கூரை ஒழுகிச் சுவர் பூத்தால் அது என் பொறுப்பு.

தொகையிலும் நியாயம் வேண்டும். முதல் பெண் கருக்கிய மெத்தை அப்போதே ஆறு வருடப் பழசு. அதற்காகப் புது மெத்தை விலையைக் கேட்டிருந்தால் அது அவள் செலவில் எனக்குப் புது மெத்தை வாங்கிக்கொள்வதாகத்தான் இருக்கும். "விதி மீறினால் வைப்புத் தொகை முழுவதும் பறிமுதல்" என்று சிலர் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. 20 வெள்ளிச் சாவிக்கு 350 வெள்ளியைப் பிடித்து வைக்க அந்த வரி உதவாது.

வைப்புத் தொகைக்கு மேல் சேதம் போனால்? 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமல் தனி ஆளாகவே தாக்கல் செய்யலாம். என் முதல் வாடகைக்காரியின் மீது நான் அதைச் செய்யவில்லை. ஒப்பந்தமும் இல்லை, படமும் இல்லை, அவள் எங்கே போனாள் என்றும் தெரியாது.

வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டால் பூட்டை மாற்றுவது, பையைத் தூக்கி வாசலில் வைப்பது எல்லாம் நம் ஊரில் நடப்பதுதான். "என் வீடு, நானே உள்ளதான் இருக்கேன், எவன் கேக்கிறது" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு, வாடகைக் காலம் முடிந்த பிறகும் வெளியேறாதவரை நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும் என்கிறது. ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்குபவர் வாடகைதாரரா, அனுமதியின்பேரில் தங்குபவரா என்பதில் சட்ட நுணுக்கங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் போட்ட பெயரை மட்டும் வைத்து அது முடிவாகாது. கை வைப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். நோட்டீசுக்குப் பின்னும் தங்குபவரிடம் இரட்டை வாடகை கோரவும், பாக்கி வாடகைக்காக 12 மாதம் வரை ஜப்தி உத்தரவு கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஜப்தி நடக்கிற காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசி, ஒரு மாத பாக்கியை விட்டுக்கொடுத்து, தேதி குறித்து அனுப்பி வைப்பது மலிவு என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இயற்கை செய்கிற சேதம் தனி. 2006 கடைசி, 2011, 2023 என்று சிகாமட் வெள்ளத்தை நாம் நன்றாகவே அறிவோம். இப்போது நிலமும் ஆடிவிட்டது. வீட்டுக் கடனுக்காக எடுத்த சாதாரணத் தீக் காப்புறுதியில் இவை அடங்குவதில்லை. 'ஹவுஸ் ஓனர்' வகைக் காப்புறுதியில் வெள்ளமும் நிலநடுக்கமும் அடங்கும். வீட்டுச் சாமான்களுக்கு 'ஹவுஸ் ஹோல்டர்' வகை தனியாக எடுக்க வேண்டும். அறையை வாடகைக்கு விட்டிருப்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவரின் மடிக்கணினிக்கும் உடுப்புக்கும் நம் காப்புறுதி பொறுப்பேற்காது. அதை அவர் வரும்போதே சொல்லிவிட வேண்டும். எங்களிடம் இருந்தது தீக் காப்புறுதி மட்டும்.

அந்த விரிசல்

இவ்வளவும் கற்றுக்கொண்ட நான் ஒன்றைக் கோட்டை விட்டிருந்தேன். சபா பெண் வந்தபோது ஒப்பந்தம் எழுதினேன், பொருட்பட்டியல் எழுதினேன். கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, மேசை ஒன்று, கைகழுவும் தொட்டி ஒன்று. சுவரை மட்டும் படம் எடுக்கவில்லை. சுவர் எங்கே போகப் போகிறது என்று நினைத்திருப்பேன்.

ஆகஸ்டு 29ஆம் தேதி அவளோடு அறையைச் சுற்றிப் பார்த்தேன். கைகழுவும் தொட்டியின் ஓரம் உடைந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே, முடி உலர்த்தும் கருவி கைதவறி விழுந்ததென்று சொன்னாள். ஆணி அடித்ததற்கும் மன்னிப்புக் கேட்டாள். விரிசலைப் பற்றி, "அது எப்போது வந்ததென்று எனக்கும் தெரியவில்லை காக், அங்கே என் பெட்டி இருந்தது" என்றாள். கீழே அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு கைப்பேசியில் பழைய படங்களைத் தேடினேன். தம்பி சிங்கப்பூர் போவதற்கு முன்பு அது அவன் அறை. 2019 தீபாவளிக்கு அவன் புதுச்சட்டை போட்டு ஜன்னல் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் முழங்கைக்குக் கீழே, ஜன்னல் மூலையில், விரல் நீளத்துக்கு முடி போல ஒரு கோடு. இப்போது இருப்பது ஒன்றரை முழம். நடுவில் எது அதை நீட்டியது, ஆறு ஆண்டா, ஆணியா, 24ஆம் தேதிக் காலையா, சொல்ல யாராலும் முடியாது. தொடங்கி வைத்தது அவள் இல்லை என்பது மட்டும் படத்தில் இருந்தது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அவன் அப்ப எவ்வளவு ஒல்லியா இருந்தான்" என்றார். பிறகு, "சரி, தொட்டிக்கு மட்டும் பிடிச்சுக்க" என்றார்.

தொட்டியை மாற்ற ஆள்கூலியோடு 120 வெள்ளி ஆனது. தொட்டி பழசு என்பதால் பாதியை நான் ஏற்றுக்கொண்டு 60 பிடித்தேன். ஆணித் துளைகளை அடைத்துச் சாயம் பூச 15. கடைசி மின்கட்டணப் பங்கு 38. மீதி 337 வெள்ளியை, கணக்கையும் ரசீதுகளையும் புலனத்தில் அனுப்பி, அவள் புறப்படும் நாளிலேயே வங்கியில் போட்டுவிட்டேன். பேருந்து நிலையத்தில் அம்மா அவளுக்கு முறுக்கு டப்பா ஒன்றைக் கொடுத்தார். டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்.

இப்போது அந்த அறையில் கணக்கியல் படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் வந்த அன்று இருவரும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினோம். தரை, கூரை, நான்கு சுவர், ஜன்னல் கண்ணாடி, குழாய், சுவிட்சு, மெத்தையின் இரு பக்கம், எல்லாவற்றையும் படம் எடுத்து இருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொண்டோம். விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். அவள் அதன்கீழே கையெழுத்திட்டாள். மாதம் ஒரு முறை, 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டு, நானும் அம்மாவும் போய்ப் பார்க்கிறோம். விரிசல் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.